தூரத்துக் கணனியை அருகில் அழைப்போம்

பொகவந்தலாவையில் மழை பிடித்தால் அது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியொரு மழை நாளில் ஒரு தாய் எமது மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். மண்சரிவு அபாயத்தினால் லயத்தை விட்டு வெளியேறி, இப்போது வவுனியாப் பக்கத்தில் தனது தம்பியின் காணியில் உழுந்தும் கச்சானும் செய்து பிழைப்பவர். வவுனியாவிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தார். மகளைப் புதிய பாடசாலையில் சேர்ப்பதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும், கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் அவருக்குத் தேவைப்பட்டன. முன்பு நாம் எல்லாக் குடும்பங்களின் கடதாசிகளையும் படம் பிடித்து மண்டபத்துக் கணனியில் சேர்த்து வைத்திருந்தோம். அந்த நம்பிக்கையில்தான் அவர் வந்தார்.

அவர் வந்த நேரம் மின்சாரம் இல்லை. மாலை வரை காத்திருந்தார். மின்சாரம் வரவில்லை. இரவு தங்கி, மறுநாள் காலையில்தான் பிரதிகளை எடுத்துக் கொண்டு போனார். போகும்போது அவர் கேட்ட கேள்வி இன்னும் எமது காதில் நிற்கிறது.

"கடதாசி இந்தப் பெட்டிக்குள்ளதானே தம்பி இருக்கு? அதை எடுக்க நான்தான் இவ்வளவு தூரம் வரணுமா?"

நியாயமான கேள்வி. இடம்பெயர்ந்த குடும்பம் தனது பொருட்களை எல்லாம் தூக்கிக் கொண்டு போக முடியாது. அதேவேளை எதற்கெடுத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வருவதென்றால் இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடுகின்றன. கணனி இருக்கும் இடத்தில் இருக்கட்டும், அதன் திரை மட்டும் எமது கைக்கு வந்து சேருமா? சேரும். அதற்கான மென்பொருள் இருக்கிறது. அதை எப்படி அமைப்பது, எதில் கவனமாக இருப்பது என்பதை நாம் பட்டுத் தெரிந்து கொண்ட அளவில் இங்கே எழுதுகிறோம்.

கடதாசி என்றால் எமக்குப் புரியும்

மலையக மக்களுக்குக் கடதாசியின் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மூதாதையரை நாடற்றவர்களாக்கிய காலம் முதல், ஒரு துண்டுக் கடதாசிக்காகத் தலைமுறைகள் அலைந்திருக்கின்றன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கியபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டின் நிரந்தர வதிவாளராக இருந்தவர் அல்லது அத்தகையவரின் வழித்தோன்றல் என்பதே அடிப்படையாயிற்று. அதைக் காட்டவும் ஏதோ ஒரு பதிவு வேண்டியிருந்தது.

1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போனவர்களில் பலர் உடுத்த உடையோடுதான் போனார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்கள் பெரும் மண்சரிவுகளைக் கண்டன. இப்படியான ஒவ்வொரு அழிவுக்குப் பின்னும் நிவாரணத்துக்கும் வீட்டுக்கும் காணிக்கும் முதலில் கேட்கப்படுவது கடதாசிதான். உயிரோடு தப்பியவர் தாம் யாரென்று நிரூபிக்க வேண்டிய நிலை.

இது மலைநாட்டுக்குப் புதிதல்ல

"இதெல்லாம் கொழும்புக்காரர்களுக்கு உரியது" என்று சிலர் நினைக்கலாம். உண்மை அதுவல்ல. மகாவலித் திட்டத்தினால் இடம்பெயர்ந்து புதிய இடங்களில் குடியேறிய விவசாயிகளுக்காகவே 1981 இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1989 இல் கொத்மலை சமூக வானொலி வந்தது. கொத்மலை அணைக்கட்டுக்காகக் கிராமங்கள் நீரில் மூழ்கிய பிரதேசம் அது.

1990 களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்த வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. அக்காலத்தில் கிராமத்து வீடு எதிலும் இணையம் இல்லை. ஆகவே நேயர்கள் கேள்வி கேட்டார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் விடையைத் தேடி, விளக்கம் சொல்லக் கூடியவர்களை அருகில் வைத்துக் கொண்டு, வானொலியில் எடுத்துச் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் கணனியைப் பாவிக்க வழி செய்யப்பட்டது. ஓரிடத்தில் இருந்த ஒரே கணனி, மலைகளுக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் வேலை செய்தது.

அதன் பின் 2005 முதல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் 'நெனசல' நிலையங்களை நாடெங்கும் திறந்தது. நூலகங்களிலும் விகாரைகளிலும் கோவில்களிலும் தேவாலயங்களிலும் அவை இயங்கின. அந்தத் திட்டத்துக்கு 2014 இல் கேட்ஸ் மன்றத்தின் 'கற்றலுக்கான அணுகல்' விருது கிடைத்தது. தமிழ்நாட்டிலும் 2001 முதல் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்துடன் சிறு கணனி நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்கிருந்தே கண் வைத்தியரிடம் ஆலோசனை கேட்டார்கள். தூரத்தில் உள்ள உதவியை ஊருக்குள் கொண்டுவரும் இந்த முயற்சிகளின் வழியில்தான் இன்றைய தொலை இணைப்பு மென்பொருளையும் நாம் பார்க்கிறோம்.

அது எப்படி வேலை செய்கிறது?

தொலைக்கணனித் திரை, அதாவது ரிமோட் டெஸ்க்டொப், என்பது ஒரு கணனியின் திரையை இன்னொரு இடத்தில் உள்ள கணனியிலோ கைத்தொலைபேசியிலோ காட்டுவது. நீங்கள் அங்கே விசையை அழுத்தினால், மவுஸை அசைத்தால், அந்தச் செய்தி மட்டும் இங்குள்ள கணனிக்கு வருகிறது. வேலை முழுவதும் இங்குதான் நடக்கிறது. அங்கே போவது அதன் படம் மட்டுமே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சாதாரணத் திரையொன்றில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 10½ இலட்சம் புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 3 பைட் வேண்டும். ஆகவே ஒரு முழுத் திரைப் படத்துக்கு 31 இலட்சம் பைட்டுக்கு மேல். இதை ஒவ்வொரு வினாடியும் பல முறை அனுப்புவதென்றால் எமது தோட்டப்புற இணைப்புத் தாங்காது. அதனால் மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. திரையில் மாறிய பகுதியை மட்டும், அதையும் சுருக்கி அனுப்புகிறது. கடிதம் தட்டெழுதும்போது மாறுவது ஒரு வரிதான். ஆகவே மெதுவான இணைப்பிலும் வேலை நடக்கும். வீடியோப் படம் ஓடவிட்டால் திரை முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும், இணைப்புத் திணறும்.

இவற்றில் மூன்று வகைகளைத் தெரிந்து கொண்டால் போதும்.

முதலாவது, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆர்.டி.பி. முறை. 1998 இல் விண்டோஸ் என்.டி. 4.0 இன் டெர்மினல் சேர்வர் பதிப்புடன் வந்தது. விண்டோஸின் 'புரோ' பதிப்பில் இது கூடவே கிடைக்கும். 'ஹோம்' பதிப்பில் உள்ள கணனியை இந்த முறையில் வெளியிலிருந்து திறக்க முடியாது. கணனி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, வீ.என்.சீ. முறை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி, ஒரக்கிள் ஆய்வு கூடத்தில் உருவாகி 1998 இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ் எதிலும் ஓடும். ஆனால் இதன் பழைய வடிவங்களில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துக்கள்தான் கணக்கில் எடுக்கப்பட்டன. அனுப்பப்படும் திரைப்படமும் மறைகுறியாக்கப்படுவதில்லை. ஒரே கட்டிடத்துக்குள் பாவிக்கலாம். வெளியே திறந்து விடக் கூடாது.

மூன்றாவது, நடுவில் ஒரு நிறுவனத்தின் சேவை நின்று இரு பக்கத்தையும் சேர்த்து வைக்கும் முறை. கூகுள் குரோம் ரிமோட் டெஸ்க்டொப், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை இந்த வகை.

எமக்கு எது பொருந்தும்?

நாம் முதலில் ஆர்.டி.பி. முறையைத்தான் முயன்றோம். மண்டபத்துக்குள் அடுத்த அறையிலிருந்து நன்றாக வேலை செய்தது. ஹட்டனுக்குப் போய் முயன்றபோது இணைப்புக் கிடைக்கவில்லை. மூன்று வாரம் காரணம் தெரியாமல் தடுமாறினோம். பிறகுதான் விளங்கிற்று.

தோட்டத்தில் கடிதம் வரும் விதத்தை நினைத்துப் பாருங்கள். லயத்துக் காம்பராவுக்கென்று தனி விலாசம் இல்லை. எல்லாக் கடிதமும் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. சிம் அட்டை போட்ட ரவுட்டரின் நிலையும் பெரும்பாலும் இதுவே. பல பாவனையாளர்கள் ஒரே வெளி விலாசத்தைப் பகிர்ந்து கொள்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு எந்தக் காம்பராவுக்குப் போவதென்று தெரியாது. உள்ளிருந்து வெளியே போகும் கடிதத்துக்கு மட்டும் தடையில்லை.

நடுவில் நிற்கும் சேவைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. எமது கணனி தானாகவே வெளியே போய் அந்தச் சேவையிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக் காத்திருக்கிறது. வவுனியாவிலிருந்து அழைப்பவரும் அங்கேயே போகிறார். இருவரும் அங்கே சந்திக்கிறார்கள். ஆகவே சிம் ரவுட்டர் உள்ள எமது மண்டபத்துக்குக் கூகுள் குரோம் ரிமோட் டெஸ்க்டொப்பைத் தெரிவு செய்தோம். இதற்குக் கட்டணமில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடதாசியின் பிரதியைப் பார்ப்பது மட்டுமே தேவையென்றால், இணையச் சேமிப்பில் வைத்துப் பகிர்வது இதைவிட இலகு. கணக்குப் புத்தக மென்பொருள், ஸ்கேனர், பிரிண்டர், பழைய எழுத்துருவில் உள்ள விண்ணப்பங்கள் முதலியன அந்தக் கணனியிலேயே இருந்து, அதில் வேலையும் செய்ய வேண்டுமென்றால்தான் தொலை இணைப்புப் பயன்படும். இன்னொரு பயனும் உண்டு. கொழும்பில் வேலை செய்யும் எமது பிள்ளைகள் அங்கிருந்தபடியே ஊர்க் கணனியைத் திருத்தித் தரலாம், பாடம் சொல்லித் தரலாம்.

அமைக்கும் முறை

1. மண்டபத்துக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்குத் திறக்கவும். தனிப்பட்ட ஒருவரின் கணக்கைப் பாவிக்க வேண்டாம். அவர் வேலையை விட்டுப் போனால் சாவியும் அவரோடு போய்விடும். கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடவும்.

2. மண்டபத்துக் கணனியில் குரோம் உலாவியை நிறுவி, அந்தக் கணக்கால் உள்நுழையவும். குரோம் ரிமோட் டெஸ்க்டொப் பக்கத்துக்குப் போய், தொலை அணுகலை அமைக்கும் பகுதியில் உள்ள சிறிய மென்பொருளை இறக்கி நிறுவவும்.

3. கணனிக்கு ஒரு பெயர் கேட்கும். தெளிவான பெயர் கொடுக்கவும். அடுத்து ஆகக் குறைந்தது 6 இலக்கம் கொண்ட இரகசிய எண்ணை இரு முறை கேட்கும். 123456, பிறந்த வருடம், தொலைபேசி இலக்கம் எதுவும் வேண்டாம்.

4. மறுபக்கத்தில் உள்ளவர் தனது கணனியிலோ கைத்தொலைபேசியிலோ அதே கணக்கால் உள்நுழைந்தால் மண்டபத்துக் கணனியின் பெயர் தெரியும். அதைத் தொட்டு, இரகசிய எண்ணைக் கொடுத்தால் திரை விரியும்.

5. ஒரு முறை மட்டும் உதவி வேண்டுமென்றால் நிரந்தரமாகத் திறந்து வைக்கத் தேவையில்லை. உதவி கேட்பவரின் கணனி 12 இலக்கக் குறியீடு ஒன்றைத் தரும். அது 5 நிமிடத்தில் காலாவதியாகும். உதவி நீடித்தால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை "தொடரலாமா?" என்று கேட்கும்.

6. எல்லாவற்றையும் முடித்த பின் முதற் சோதனையை வேறு ஊரில் இருந்து செய்யவும். ஒரே மண்டபத்துக்குள் சோதித்துவிட்டு "சரி" என்று எழுந்து வரக் கூடாது. நாம் விட்ட பிழை அதுதான்.

மெதுவான இணைப்பும் மின்வெட்டும்

மலை இடுக்குகளில் சமிக்ஞை ஏறி இறங்கும். அதற்கு ஏற்றபடி சில மாற்றங்கள் செய்யலாம். திரையின் பின்னணியில் உள்ள பெரிய படத்தை எடுத்துவிட்டு ஒரே நிறத்தை வைக்கவும். சாளரங்கள் மிதந்து வரும் அலங்காரங்களை நிறுத்தவும். திரையின் அளவைக் குறைக்கவும். வீ.என்.சீ. பாவிப்பவர்கள் நிறங்களை 256 ஆகக் குறைத்தால் ஒரு புள்ளிக்கு 3 பைட்டுக்குப் பதில் 1 பைட்டே போதும். சுமை மூன்றில் ஒன்றாகும். ரவுட்டரை ஜன்னலோரமாக உயரத்தில் வைத்துப் பாருங்கள். எமது மண்டபத்தில் அலுமாரிக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை ஜன்னலுக்கு மாற்றியதே பாதிச் சிக்கலைத் தீர்த்தது.

டேட்டா எவ்வளவு முடிகிறது என்பதை நீங்களே அளக்கலாம். வேலை தொடங்கும்போது மீதியைக் குறித்து வைத்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் மீண்டும் பாருங்கள். உங்கள் செலவுக் கணக்கு அதுதான்.

அடுத்தது மின்சாரம். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இன்றும் காற்றும் மழையும் வந்தால் மரம் கம்பியில் விழுகிறது. மின்சாரம் போய்த் திரும்பினால் சாதாரணக் கணனி நின்றபடியே இருக்கும். யாராவது போய் ஆளியை அழுத்த வேண்டும். இதற்கும் வழி உண்டு. பல மேசைக் கணனிகளில், இயங்கத் தொடங்கும் முன் தெரியும் பயோஸ் அமைப்பில், மின் திரும்பியதும் தானாக இயங்கச் சொல்லும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டு வைக்கவும். கணனி சிறிது நேரத்தில் உறங்கிப்போகும் அமைப்பையும் நிறுத்த வேண்டும். உறங்கும் கணனி தூரத்து அழைப்பைக் கேட்காது. திரையை மட்டும் அணைய விடலாம். யூ.பி.எஸ். கருவி இருந்தால் கணனியோடு ரவுட்டரையும் அதில் இணைக்கவும். கணனி உயிரோடு இருந்து ரவுட்டர் அணைந்தால் பயன் இல்லை.

இடி மின்னல் நேரத்தில் மாத்திரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அன்றைய வேலை மறுநாள் நடக்கட்டும். கருகிப்போன கணனிக்கு மாற்று வாங்க எம்மிடம் பணமில்லை.

தமிழில் எழுதும்போது

தொலை இணைப்பில் தமிழ் தட்டெழுதப் போனவர்கள் பலர் "எழுத்து உடைகிறது" என்று முறையிட்டார்கள். காரணம் இரண்டு. ஒன்று, எமது பழைய கடிதங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. அந்த எழுத்துரு உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பது. அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், எழுத்துரு இல்லாத இடத்தில் குழப்பமான ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். தொலைத்திரையில் பார்த்தால் சரியாகவே தெரியும், ஏனென்றால் எழுத்துரு மண்டபத்துக் கணனியில் இருக்கிறது, வருவது படம்தான். ஆயினும் இனி எழுதுபவற்றை யுனிகோடிலேயே எழுதிப் பழக வேண்டும். அதற்கான இலங்கையின் தமிழ் நியமம் எஸ்.எல்.எஸ். 1326 ஆக 2008 இல் வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் விசைப்பலகை. இரு பக்கத்திலும் தமிழ் விசைப்பலகை இயங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். உங்கள் பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்து, தூரத்துக் கணனிக்குள் போய் அங்கே தமிழுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் சிக்கல் தீரும்.

சாவியை யாரிடம் கொடுப்பது?

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

தூரத்திலிருந்து கணனியைத் திறக்க எமக்கு வழி இருக்குமென்றால், திருடனுக்கும் அதே வழிதான். நிவாரணப் பணத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம்: "வங்கியில் இருந்து பேசுகிறோம். உங்களுக்கு உதவிப் பணம் வந்திருக்கிறது. உங்கள் போனில் இந்த மென்பொருளைப் போட்டு, அதில் தெரியும் இலக்கத்தைச் சொல்லுங்கள்." பேசுபவர் மரியாதையாகப் பேசுவார். உங்கள் பெயரும் தெரிந்திருக்கும். இலக்கத்தைச் சொன்ன மறுகணமே உங்கள் போன் திரை அவருக்குத் தெரியும். வங்கிக் கணக்கும், வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணும் தெரியும். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மரக்கறி விற்றுச் சேர்த்த பணத்தை இப்படித்தான் இழந்தது. வீட்டுக்காரர் வெட்கத்தினால் பல நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணக்கையாவது உடனே முடக்கியிருக்கலாம்.

எந்த வங்கியும், எந்த அரச காரியாலயமும், உதவி தருவதற்காக உங்கள் போன் திரையைப் பார்க்கத் தேவையில்லை. அப்படிக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே இலக்கத்தைச் சொல்லிவிட்டால் முதலில் டேட்டாவை நிறுத்துங்கள், அந்த மென்பொருளை அழியுங்கள், உடனே உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள், பொலிஸில் முறையிடுங்கள். இலங்கைக் கணனி அவசர நிலைகளுக்கான தேசிய நிலையமான சேர்ட்டுக்கும் 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள்.

கணனிப் பக்கத்திலும் கவனம் வேண்டும். ஆர்.டி.பி. முறை 3389 என்ற வாயிலையும், வீ.என்.சீ. முறை 5900 என்ற வாயிலையும் வழமையாகப் பாவிக்கின்றன. ரவுட்டரில் இந்த வாயில்களை வெளியுலகுக்கு நேராகத் திறந்து விட்டால், உலகெங்கும் இருந்து கதவைத் தட்டிப் பார்க்கும் இயந்திரங்கள் வந்து சேரும். 2019 மே மாதத்தில் ஆர்.டி.பி. முறையில் 'புளூகீப்' என்ற பாரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக் கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அவ்வளவு ஆபத்தானது. இப்படிப் புகுந்தவர்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பதும் உண்டு. வெளியிலிருந்து ஆர்.டி.பி. அவசியமென்றால் வீ.பி.என். என்னும் மறைவழிப் பாதையினூடாக மட்டுமே பாவிக்க வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணனிகளுக்கு லினக்ஸ் ஒரு நல்ல மாற்று.

மண்டபத்தில் நாம் வகுத்த ஒழுங்கு

மென்பொருளை அமைக்க ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. யார் திறக்கலாம் என்று முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் எடுத்தன. அந்த நேரம் வீண் போகவில்லை என்றே நினைக்கிறோம்.

ஒரு குடும்பத்தின் மரண அத்தாட்சி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்பன அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானவை. அவற்றைச் சேர்த்து வைக்கும் எமக்கு அவை சொந்தமல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறர் விபரங்களை வைத்திருப்போருக்குப் பொறுப்புகளை விதிக்கிறது. ஆகவே ஒவ்வொரு குடும்பத்திடமும் தமிழில் வாசித்துக் காட்டி எழுத்தில் சம்மதம் பெற்றோம். விருப்பமில்லாத இரண்டு குடும்பங்களின் கோப்புகளை அழித்தோம்.

இரகசிய எண் இருவருக்கு மட்டும் தெரியும். ஒருவர் மண்டபத்தில், மற்றவர் மாதர் சங்கத்தில். இடம்பெயர்ந்த குடும்பம் எதுவும் நேரே கணனிக்குள் போவதில்லை. அவர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். எண் தெரிந்தவர் தான் இருக்கும் இடத்திலிருந்தே கணனியைத் திறந்து, உரிய கடதாசியை மட்டும் அனுப்புவார். யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்பதை ஒரு கொப்பியில் பேனையால் எழுதுகிறோம். ஒரு குடும்பத்தின் கடதாசியை இன்னொரு குடும்பம் பார்க்க வழியில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண் மாற்றப்படும். எல்லாக் கோப்புகளின் பிரதியும் ஒரு தனித்தட்டில் பதிந்து வேறு ஊரில் வைக்கப்பட்டிருக்கிறது. மண்டபமும் மலையடியில்தானே இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன தாய் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் அழைத்தார். இம்முறை மூத்த மகனின் அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு ஒரு பழைய கடிதம் வேண்டும் என்றார். முதல் நாள் முயன்றபோது மண்டபத்தில் மின்சாரம் இல்லை. மறுநாள் காலையில் மின்சாரம் திரும்பிக் கணனி தானாக எழுந்திருந்தது. மாதர் சங்கத்துச் சகோதரி அப்போது ஹட்டனில் வைத்தியசாலை வரிசையில் நின்றார். அங்கிருந்தே தனது கைத்தொலைபேசியில் கணனியைத் திறந்து, கடிதத்தைத் தேடி அனுப்பினார். வவுனியாவில் ஒரு கடையில் அதை அச்செடுக்க அந்தத் தாய்க்குச் சில ரூபாக்களே செலவாயின. அன்று அவர் தோட்டத்து வேலையை விடவில்லை. உழுந்துக்குக் களை பிடுங்கும் பருவம் அது.

கலந்துரையாடலுக்கு

இக்கட்டுரையை உங்கள் குழுவில் வாசித்த பின் பின்வருவன பற்றிப் பேசிப் பாருங்கள்.

• உங்கள் குடும்பத்தின் முக்கியமான கடதாசிகள் எவை? இன்று அவை எங்கே இருக்கின்றன? நாளை வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் அவற்றின் பிரதி எங்கே கிடைக்கும்?

• உங்கள் ஊரில் பொதுக் கணனி ஒன்று இருக்கிறதா? அதன் சாவியும் இரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன? அதை யார் தீர்மானித்தார்கள்?

• கடந்த வருடத்தில் உங்களில் யாருக்காவது சந்தேகத்துக்குரிய தொலைபேசி அழைப்பு வந்ததா? வந்தால் என்ன சொல்வதென்று வீட்டில் உள்ள முதியோருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?

• வெளியூரில் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளில் யார் வாரத்தில் ஒரு மணி நேரம் தொலைவிலிருந்து உதவ முன்வருவார்?